சாமி வேலையை நீ ஏம்லே பாக்குத?

வா, உக்காரு. திண்ணையில வேண்டாம், இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. திண்ணைக்குப் போனா உனக்கு டவர் கெடைக்கும். டவர் கெடைச்சா ஆபீஸ் வந்துரும். ஆபீஸ் வந்துட்டா உன் மூஞ்சி மழையில நனைஞ்ச கோழி மாதிரி ஆயிரும். பஸ்சுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. கோவில்பட்டி போய்ச் சேர அரை மணி. மிச்சம் ஒண்ணரை மணி நேரத்தை இந்தக் கெழவனுக்குக் குடு. உங்க ஆபீஸ்ல மணிக்கணக்குக்குப் பில்லு போடுவாங்களாமே, நான் போட மாட்டேன்.

நாலு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சா மச்சுல வெளிச்சம். என்னலேன்னு கேட்டா, தூக்கம் வரல தாத்தாங்க. எனக்கு 78 வயசு. எனக்குத் தூக்கம் வரலைன்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு. மிச்சம் மீதி இருக்கிற நாளைத் தூங்கிக் கழிக்க வேண்டாம்னு ஒடம்புக்கே தெரியும். உனக்கு 29. கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு. நீ ரெண்டு தோசையைப் பிச்சுப் போட்டுட்டுப் போதுங்க. உங்க ஆச்சி என்னையப் பிடிச்சு ஏசுதா, பிள்ளைட்ட என்னத்தைச் சொன்னீங்கன்னு. நான் என்னத்தைச் சொன்னேன், கவலை என்னன்னு கேட்டேன். அது ஒரு குத்தமா?

கேட்டதுக்கு நீ வரிசையா எடுத்துவிட்ட பாரு. வேலை போயிருமோன்னு பயமா இருக்கு. ஏஐ வந்துருச்சு. வீட்டு லோன் இன்னும் 17 வருசம் கெடக்கு. அப்புறம் மேனேஜருக்கு நீ அனுப்புன மெசேஜுல ரெண்டு நீலக் கோடு விழுந்துருச்சாம், பதில் வரலியாம். ரெண்டு கோட்டைப் பாத்து ஒரு ராத்திரி முழிச்சுக் கெடந்திருக்க. நாங்களும் ஒரு கோடு மின்னாதான்னு அண்ணாந்து பாத்துக் கெடந்தவங்கதான். ஆனா நாங்க பாத்தது வானத்தை. அந்த ஆளுக்குப் பேதியா இருந்திருக்கும்லே. உன் மெசேஜைப் பாத்துக்கிட்டே செம்பைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பான். அப்படி ஒண்ணு நடந்திருக்கும்னு ஏன் உன் புத்திக்கு ஒரு தடவைகூடத் தோணல?

2025 ஜூலையில ஒரு பெரிய கம்பெனி 12,000 பேருக்கு மேல அனுப்பப் போறோம்னு சொன்னதைச் செல்லுல காட்டுன. நானும் கண்ணாடியைப் போட்டு வாசிச்சேன். அதுக்குக் கீழேயே, இருக்கிற ஆள்ல நூத்துக்கு ரெண்டு பேருன்னும் போட்டிருந்துச்சு. நீ 12,000-ஐக் கூவிக் கூவி வாசிச்ச, ரெண்டை முழுங்கிட்ட. அந்த ரெண்டு பேரு வீட்டுல அது நூத்துக்கு நூறுதான், எனக்குத் தெரியாமலா இருக்கு. ஆனா நீ வேலை பாக்குறது அந்தக் கம்பெனியிலகூட இல்லையேய்யா. எழவு விழுந்தது மேலத்தெருவுல, நீ கீழத்தெருவுல உக்காந்து மொட்டை போட்டுக்கிட்டு இருக்க.

சரி, அதை விடு. காலையில அய்யனார் கோயிலுக்குப் போறப்ப நம்ம தெக்காட்டுப் புஞ்சையைப் பாத்தியே, என்ன தெரிஞ்சுச்சு? ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வெறும் புழுதி. ஆனா அதுக்குள்ள மூணு ஏக்கருக்கு மக்காச்சோளமும் ஒரு ஏக்கருக்கு உளுந்தும் கெடக்கு. புரட்டாசி பெறந்த கையோட போட்டு மூடியாச்சு. வெளியூர்க்காரன் பாத்தான்னா கெழவனுக்குப் புத்தி பெரண்டு போச்சும்பான். வானத்துல பொட்டு மேகம் கெடையாது, எறும்பும் புறாவும் சுத்திச் சுத்தி வருது, இவன் என்னடான்னா கையில இருந்த காசைப் பூரா புழுதிக்குள்ள போட்டு மூடிட்டு வீட்டுல வந்து மோர் குடிக்கான். கரிசக்காட்டுல இதுக்குப் புழுதி விதைப்புன்னு பேரு. மழை பெஞ்ச பெறகு விதைச்சா என்னன்னு கேப்ப. கரிசல் நனைஞ்சதுன்னா கால் வைக்க விடாது. செருப்புல அப்பம் அப்பமா ஒட்டும், டிராக்டர் டயரு சுத்தின எடத்துலயே சுத்தும். ஈரம் ஆறி உழவுக்குப் பதம் வாரதுக்குள்ள பத்து நாள் ஓடிப்போகும். நமக்கு இருக்கிறதே ஐப்பசியும் கார்த்திகையும்தான். அதுல பத்து நாளைத் தொலைச்சா கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மண்ணுல ஈரம் இருக்காது. அதனால மழை வாரதுக்கு முன்னாடியே விதை உள்ளே போய்ப் படுத்துக்கணும்.

படுக்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மேலாக்கப் போடக் கூடாது. ரெண்டு அங்குலம் எறக்கணும். மேலாக்கக் கெடந்த விதை ஒரு தூத்தல் விழுந்ததும், ஆகா மழை வந்துட்டுன்னு பல்லை இளிச்சுக்கிட்டு மொளைச்சிரும். அடுத்த மழை பதினஞ்சு நாள் கழிச்சு வரும். அதுக்குள்ள மொளை கருகி, நீ மறு விதைக்குக் கடன் வாங்க அலையணும். ரெண்டு அங்குலத்துல கெடக்கிற விதை தூத்தலுக்கெல்லாம் அசையாது. ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் மழை சேந்தாப்புல விழுந்து, ஈரம் கீழ எறங்கி வந்து கதவைத் தட்டுனாத்தான் எந்திரிக்கும். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையிலயும் இதைத்தான் சொல்லுதாங்க. 1901-ல இருந்து இருக்கிற பண்ணை அது, சும்மா சொல்ல மாட்டாங்க. நீ மேலாக்கக் கெடக்கிற விதை. மேனேஜர் சிரிச்சா மொளைக்குத, மொறைச்சா கருகுத. வருசத்துக்கு உனக்கு எத்தனை தடவைய்யா மறு விதை போடுறது?

விதைச்ச அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். அதுக்கு மேல அங்க எனக்கு வேலை இல்ல. போடுறது எம்பாடு, பெய்யிறது அவம்பாடு. நான் ராத்திரி முழுக்கப் புஞ்சையில நின்னு மேகத்தை இழுக்கேன்னு கயித்தை வீசினா, சாமி மேலருந்து பாத்து என்ன நெனைக்கும்? இவன் நம்ம வேலைக்கு மனு போட்டுருக்கான் போலயேன்னு நெனைக்கும். நீ அதைத்தான் செய்யுத. பகல்ல கம்பெனி வேலை, ராத்திரியில சாமி வேலை. முதல் வேலைக்காவது சம்பளம் வருது.

மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு உங்கம்மா போன்ல உன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. நல்ல சொல்லுதான். ஆனா அந்தச் சொல்லை வச்சுக்கிட்டுக் காலை நீட்டிப் படுத்தவங்களையும் நான் பாத்திருக்கேன். நம்ம கிணத்துமேட்டுல செவ்வரளி ஒண்ணு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? வச்சவன் நான்தான். போன சித்திரையில மோட்டார் காயில் போயி, சரி பண்ண ஆள் வர பன்னெண்டு நாள் ஆச்சு. வச்சவன்தான ஊத்தணும், வச்சவன் ஊத்தல, பட்டுப்போச்சு. ஊர்லயே அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்பக் கொடைக்குக்கூட பூசாரி சாத்தூருக்கு ஆள் அனுப்பித்தான் செவப்புப் பூ வாங்குதான். பக்கத்துல நின்ன நந்தியாவட்டை மட்டும் பெழைச்சுக்கிட்டு. உங்க ஆச்சி பாத்திரம் கழுவுற தண்ணி அந்தப் பக்கமாத்தான ஓடும், அது சத்தமில்லாம வேரை அங்க விட்டிருக்கு. இதுல சாமி செயல் எது, வேர் செயல் எதுன்னு என்னையக் கேக்காத. எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது.

எங்க காலத்துல கோயில் மேடையே கதின்னு கெடந்த ஆள் ஒருத்தன் இருந்தான். வேலைக்கு ஏன்டா போகலன்னு கேட்டா, படைச்சவன் படியளப்பாங்கான். கொடை நடக்கிற நாள்ல ஊரே சோறு போட்டுச்சு, அது சரி. மத்த நாள்ல? அவன் பொண்டாட்டி விடியக் கருக்கல்ல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயி, சட்டத்துல குச்சி அடுக்கி, பொழுது சாய வந்து ஒலை வைப்பா. அவன் சொன்னதுல பொய் இல்லைய்யா, சாமி அவனுக்கு நெசமாவே படியளந்துச்சு. சாமியோட விரல் நுனி பூரா காய்ச்சுப் போயிருந்துச்சு, அவன் ஒரு நாளும் அதைப் பிடிச்சுப் பாக்கல.

எறும்புக் கதை தெரியும்லா? பரமசிவன் தெனமும் எல்லா உயிருக்கும் படியளந்துட்டு வாராரு. பார்வதிக்கு ஒரு சந்தேகம். ஒரு எறும்பைப் பிடிச்சுச் சிமிழுக்குள்ள போட்டு மூடி, இதுக்கு எப்படி அளக்காருன்னு பாப்போம்னு வச்சுக்கிட்டா. சாயங்காலம், எல்லாருக்கும் அளந்தாச்சான்னு கேட்டா, ஆச்சுங்காரு. தொறந்து பாத்தா எறும்பு வாயில ஒரு அரிசி. பார்வதி நெத்தியில இருந்து அட்சதை விழுந்துச்சும்பான் ஒருத்தன், சாமியே உள்ள வச்சாரும்பான் இன்னொருத்தன். எனக்கு என்னமோ வேற மாதிரிப் படுது. எறும்பு வாயில ஒண்ணுமில்லாம நடந்து போயி நீ எப்பவாவது பாத்திருக்கியா? பிடிக்கிறப்பவே அது அரிசியோடதான் போய்க்கிட்டு இருந்திருக்கும். அந்தம்மா சரியாப் பாக்கல. நான் இப்படிச் சொன்னா உங்க ஆச்சி கன்னத்துல போட்டுக்கிடுவா, அவ வர்றதுக்குள்ள சொல்லிட்டேன்.

ஏஐ பத்தி நீ சொன்னதை முந்தாநாள் பூரா யோசிச்சேன். எந்திரம் வந்து மனுசன் வேலையைப் பிடுங்குறது உங்களுக்குத்தான் புதுசு. நம்ம ஊர்ப் பக்கம் மழை கிடையாது, அதனால விவசாயத்துக்கு லாயக்கில்லாத பூமின்னு ஒரு காலத்துல எல்லாரும் அழுதாங்க. சிவகாசிக்காரங்க ரெண்டு பேரு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும், 1922-ல கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழில் படிச்சுட்டு வந்தாங்க. வந்து பாத்தா, தீக்குச்சி காயுறதுக்கு இந்த மழையில்லாத வெயில்தான் தோது. எந்தக் கொறையைச் சொல்லி அழுதோமோ அதை வச்சே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டின்னு சுத்துப்பட்டி பூராவுக்கும் அடுப்பு எரிஞ்சுச்சு. உங்க ஆச்சி கல்யாணமாகி வந்த புதுசுல அவளும் போனவதான். அவ குச்சி அடுக்குற வேகத்தைப் பாக்கணும் நீ, உன் கீபோர்டு தோத்துப்போகும்.

பெறகு எந்திரம் வந்துச்சு. குச்சி அடுக்குற வேலை போச்சு. போனது போச்சுதான், அதைச் சக்கரை தடவிச் சொல்ல எனக்கு மனசில்ல. அழுத வீடுகளை எனக்குத் தெரியும். அப்புறம் பெட்டி ஒட்டப் போனாங்க, வேன்ல ஏறி நூல் மில்லுக்குப் போனாங்க, பட்டாசுக்குப் போனாங்க, வயசானவங்க நூறு நாள் வேலைக்குப் போனாங்க. லைட்டர் வந்துச்சு, இனி தீப்பெட்டியே இருக்காதுன்னாங்க. ஒரு ரூவாத் தீப்பெட்டி 14 வருசம் அதே ஒரு ரூவாயில நின்னு, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூவா ஆச்சு. 2023-ல 20 ரூவாய்க்குக் கொறைஞ்ச லைட்டரை வெளிநாட்டுல இருந்து எறக்கக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு போட்டுச்சு. இன்னைக்கும் ஆச்சி வெளக்குப் பொருத்துறது தீப்பெட்டியிலதான். நாளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. செத்துச்சு செத்துச்சுன்னு சொன்னவங்கள்ல பல பேரைத் தீப்பெட்டியை உரசித்தான் கொள்ளி வச்சோம், அது எனக்குத் தெரியும்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போயிருந்தேன். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் ரெண்டு பக்கமும் ஓட, நடுவுல மாரியம்மன். ஒரு பொம்பளை கண்மலர் வாங்கிப் போட்டா, கண்ணு தெளியணும்னு. அது ஞாயமான வேண்டுதல். ஒருத்தன் அக்கினிச் சட்டி எடுத்தான், பிள்ளைக்குச் சொகமாகணும்னு. அதுவும் ஞாயம். நீ போயி நின்னா என்ன கேப்ப? ஆத்தா, 2031-ல எங்க கம்பெனியில டீம் லீடு போஸ்ட் இருக்குமான்னு கேப்ப. அத்தனை சனத்துக்கு நடுவுல அவளும் எவ்வளவுய்யா பொறுப்பா?

சிரிக்காத. நான் என்னமோ கவலையே படாத சித்தன்னும் நெனைச்சுக்கிடாத. 2018-ல மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துச்சு. அதுக்கு முந்தி அந்தப் புழுவை இந்தக் காடு கண்டதில்ல. குருத்துக்குள்ள உக்காந்து தின்னு, மரத்தூள் மாதிரி வெளிய தள்ளும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுப் போயி எண்ணினேன். ஒவ்வொரு குருத்தா விரிச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. ஒரு வாரம் எண்ணினேன். புழுவுக்குக் கணக்குப்பிள்ளை வேலை பாத்தேன்னு வச்சுக்கோயேன். எண்ணி முடிக்கையில தட்டை மட்டும் நின்னுச்சு. எட்டாம் நாள்தான் விவசாய ஆபீஸுக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், தாத்தா மொதல் நாளே வந்திருந்தா குருத்துல மண்ணு போடவாவது சொல்லியிருப்பேனேன்னா. ஏழு ராத்திரி முழிச்சவனுக்கு ஒரு பகல் நடக்கத் தெரியல.

2023 டிசம்பர் 17 உனக்கும் ஞாபகம் இருக்கும், நீ போன் போட்டுப் போட்டுப் பாத்து லைன் கெடைக்கலன்ன. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம சில்லாவுக்கு வருசம் பூரா சேத்தே அவ்வளவு பெய்யாது. மழையைக் குடு மழையைக் குடுன்னு கேட்டோம்லா, இந்தாங்கடா வச்சுக்கோங்கன்னு ஒரே மூச்சுல கவுத்துட்டான். நம்ம புஞ்சையில கதிரோட அழுகிப் போச்சு. அன்னைக்குச் சாமி மேல கோவம் வந்துருச்சு எனக்கு. ஒரு வாரம் வெளக்குப் போடக் கூடாதுன்னுட்டேன். எட்டாம் நாள் ஆச்சி தானே பொருத்தி வச்சுட்டு, இருட்டுல நாமதான் முட்டிக்கிடுதோம், அவருக்கென்னன்னா. அந்த வருசம் பயிர் இன்சூரன்ஸ் கட்டியிருந்தேன், அதுல கொஞ்சம் வந்துச்சு. சாமியை நம்புறவரு எதுக்குத் தாத்தா இன்சூரன்ஸ் கட்டுதீருன்னு நீ அப்பவே கேட்ட. நூத்துக்கு ஒண்ணரை ரூவாய்தான்லே. சாமி குடுக்கணும்னு நெனைச்சுக் கம்ப்யூட்டரைத் தட்டுறப்ப என் பேரு அதுல இருக்க வேண்டாமா?

உள்ள அரங்குவீட்டுல குலுக்கை இருக்கே, மண் குலுக்கை, சின்ன வயசுல அதுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சு வெளையாடுவ. மேல வாய் வழியாத் தானியத்தைத் தட்டி, சாணியும் மண்ணும் வச்சுப் பூசிருவோம். அடியில சின்ன ஓட்டை, அதுக்கு ஒரு துணியடைப்பு. வேணும்கிறப்ப அடைப்பை உருவி, பொட்டி நெறைஞ்சதும் சொருகிருவா எங்கம்மா. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தொறந்து பாக்க மாட்டா. விரல் முட்டியை மடக்கி குலுக்கை வயித்துல தட்டிப் பாப்பா. மேல தட்டினா தங்குன்னு வரும், காலி. கீழ வர வர ஒரு எடத்துல சத்தம் அமுங்கும். அந்த எடத்துல ஒரு கரிக்கோடு போடுவா. தெனமும் தட்ட மாட்டா, மாசத்துக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு. உனக்கும் ஒரு குலுக்கை இருக்குலே. பிஎஃப்புன்னு நூத்துக்கு 12 உன் சம்பளத்துல கம்பெனிக்காரன் பிடிக்கான், அவனும் அதே அளவு போடுதான். நீ பொறந்தப்போ போட்ட நகை இருக்கு. இந்த நாலு ஏக்கர் புழுதியும் என் காலத்துக்குப் பெறகு வேற யாருக்குப் போகப் போகுது? என்னைக்காவது மாசத்துக்கு ஒரு தடவை இதையெல்லாம் தட்டிப் பாத்து, ஆறு மாசம் தாங்குமா எட்டு மாசம் தாங்குமான்னு ஒரு கோடு போட்டியா? போடல. ராத்திரி ராத்திரி வெறுங்காத்தைத் தட்டிக்கிட்டு, தங்குன்னு கேக்குதே தங்குன்னு கேக்குதேன்னு பொலம்புத.

காபி வந்துட்டு, குடி. சீனி கம்மியா இருந்தா சத்தம் போடாதே, எனக்குப் போட்ட அளவுலதான் உனக்கும் போட்டிருப்பா.

நானும் வேலைக்குப் போனவன்தாம்லே, உனக்குத் தெரியாது. 23 வயசுல கோவில்பட்டியில ஒரு மில்லுல பதிலி ஆள். பதிலின்னா என்னன்னு தெரியுமா? நிரந்தர ஆள் எவனாவது வராட்டாத்தான் உனக்கு வேலை. ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் கேட்டுல போயி நிக்கணும். மேஸ்திரி வந்து, நீ வா, நீ வான்னு விரலை நீட்டுவாரு. மிச்சப் பேரு தூக்குச்சட்டியைத் திருப்பித் தூக்கிக்கிட்டு நடக்கணும். வேலை குடுக்காம ஒக்கார வைக்கிறதை நீ பெஞ்சுன்னு சொல்லுதியே, எங்களுக்கு ஒக்கார பெஞ்சும் கெடையாது. அடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தாத்தான் எனக்குக் கஞ்சி. கேட்டுல நின்னுக்கிட்டு, சாமி எவனுக்காவது காய்ச்சலைக் குடுன்னு வேண்டியிருக்கேன்னா பாத்துக்கோயேன். அப்படி ஒரு வேண்டுதலைச் சாமி எந்தக் கணக்குல எழுதுச்சோ.

மூணு மாசத்துல எளைச்சுக் கருவாடா ஆயிட்டேன். எங்க ஆச்சி பாத்தா. வா, அய்யனார்கிட்டப் பூக்கட்டிக் கேட்டுருவோம்னா. வெள்ளைப் பூ வந்தா மில்லுல நில்லு, செவப்பு வந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து மாடு மேய். ரெண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால போட்டா, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னா, பிரிச்சா வெள்ளை. அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து கேட்டுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். சாமியே சொல்லியாச்சு, இனி மேஸ்திரி என்ன பெரிய மேஸ்திரி. பயம் தெளிஞ்ச மூஞ்சியைப் பாத்தோ என்னமோ அவரும் என்னைத்தான் முதல்ல கூப்பிட ஆரம்பிச்சாரு. மூணு வருசம் ஓடுச்சு. பெறகு மில்லுல கதவடைச்சுட்டாங்க. ஆமாய்யா, வெள்ளைப் பூ வந்தும் கதவடைச்சுட்டாங்க. நான் ஒரு சைக்கிளும் கொஞ்சம் காசுமா வீட்டுக்கு வந்து ஒரு சோடி மாடு வாங்கினேன். அன்னைக்கு எனக்கு அழுகை வரல, ஏன்னு இன்னை வரைக்கும் தெரியல.

எங்க ஆச்சி செத்து, பதினாறாம் நாள் காரியத்துல பழைய பூசாரி கொஞ்சம் போதையில இருந்தாரு. என் தோள்ல கையைப் போட்டுச் சிரிக்காரு. உன் ஆச்சி கெட்டிக்காரிடா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நந்தியாவட்டையைத்தான வச்சுக் கட்டுனாங்காரு. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. அப்பம் சாமியை ஏமாத்திட்டாளான்னு கேட்டேன். போடா, அவ சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டுனா, எம்பேரனுக்கு நீரு சொல்லப் போறது இதுதான, எதுக்கு வீணா யோசிச்சுக்கிட்டுன்னு சொன்னா, நான் பக்கத்துலதான் நின்னேன்னாரு.

என்னலே, அப்படிப் பாக்குத?

காலையில நாம கட்டினது வேற, அது வேற. நீயும்தான பக்கத்துல இருந்த. நான் கட்டினப்ப நீ போன் பேசிக்கிட்டு இருந்ததுக்கு நான் என்ன செய்ய? பூசாரி மகன் எடுத்தான், பிரிச்சான், வெள்ளை வந்துச்சு, நீயே கண்ணுல ஒத்திக்கிட்ட. அதோட முடிஞ்சுச்சு. அந்த இன்னொரு பொட்டலம் என் மடியிலதான் இருக்கு. அதைப் பிரிக்கக் கூடாதுய்யா, சாமி குத்தம். சாமி வேண்டாம்னு ஒதுக்கினதை மனுசன் தொறந்து பாக்கலாமா? அதை ஓடுற தண்ணியிலதான் விடணும். ஆத்துல தண்ணி இல்லைன்னா வர்ற வரைக்கும் மடியில கெடக்கட்டும், உனக்கென்ன பாரம்?

செவப்புப் பூவா? வாங்கினேன்லே. சாத்தூர்லதான், வேற எங்க கெடைக்கும்.

எப்பம் போனேன்னா... நேத்து. இல்ல, நேத்து நீ என்கூடத்தான் இருந்த. முந்தாநாள். முந்தாநாள் காலு வலின்னு படுத்துக் கெடந்தேன், ஆமா. ஏட்டி, அந்தக் கருப்பட்டி மிட்டாயை இவன் பையில வச்சியா?

எப்படிலே இவ்வளவு நுணுக்கமாக் கணக்குப் பாக்குத நீ? உன்னைய எவம்லே வேலையை விட்டு அனுப்புவான்? எந்திரி, பஸ்சுக்கு நேரமாச்சு. அந்தப் பையை எடு.